பிசினஸ் கிளாஸுக்கு மார்க் போடுகிறவர்களுக்கு ஒரு மறுமதிப்பீடு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

இரண்டு நாளாக என் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே சண்டை. பிசினஸ் கிளாஸில் கத்தார் ஏர்வேஸ் உசத்தியா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் உசத்தியா, எமிரேட்ஸ் உசத்தியா என்று. ஒரு மாணவர் மூன்றையும் ஒப்பிட்ட காணொளி ஒன்றை அனுப்பி, "சார், நீங்கதான் தீர்ப்பு சொல்லணும்" என்று என்னையும் இழுத்துவிட்டார்.

நாற்பது நிமிடக் காணொளி. பொறுமையாகப் பார்த்தேன். ஷாம்பெயினுக்குப் பத்துக்கு ஒன்பது. இரவு உடைக்கு எட்டு. இருக்கைக்குக் கதவு வைத்ததற்குப் பத்துக்குப் பத்து. கழிப்பறையில் வைத்திருந்த கை கிரீமுக்குக்கூட ஏழு.

34 வருஷம் விடைத்தாள் திருத்தியவன் நான். பையன் வாங்கின மார்க் தப்பு என்றால், கூட்டலில் தப்பு நடந்திருப்பது அபூர்வம். பெரும்பாலும் எதற்கு மார்க் போட வேண்டும் என்பதில்தான் தப்பு நடந்திருக்கும். இந்தக் காணொளிக்குத் தேவை மறுகூட்டல் அல்ல, மறுமதிப்பீடு.

ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஐந்து வருஷத்துக்கு முன் மகளின் முதல் பிரசவத்துக்காக நானும் என் மனைவியும் அமெரிக்கா போனோம். சென்னையிலிருந்து வளைகுடா நாலு மணி நேரம். அங்கே இறங்கி மாறி, அடுத்த விமானத்தில் ஏறத்தாழ 16 மணி நேரம். எகானமிதான். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. என் மனைவிக்கு ஜன்னல் ஓர இருக்கை. நடுவில் நான். கடைசியில் ஓர் இளைஞர், ஏறியதும் போர்வையை இழுத்துப் போர்த்தித் தூங்கிவிட்டார். அவரை எழுப்ப என் மனைவிக்குக் கூச்சம். "பாவம், தூங்கட்டும்ங்க" என்று சொல்லியே 16 மணி நேரத்தில் ஒரே ஒரு முறைதான் எழுந்தாள். அடிக்கடி எழ வேண்டியிருக்குமே என்று தண்ணீரும் குடிக்கவில்லை.

போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் இடது கெண்டைக்கால் வீங்கிச் சிவந்தது. காலில் ரத்தம் உறைந்து கட்டியிருக்கிறது என்றார் டாக்டர். பேத்தியைத் தூக்கிக் கொஞ்சப் போனவள் மூன்று மாதம் ரத்த உறைவுக்கு மாத்திரை சாப்பிட்டாள். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருந்தால் நான் இந்தப் பதிவை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். வேறு பதிவு எழுதியிருப்பேன்.

இரண்டாவது பிரசவம் வந்தது. டாக்டரைக் கேட்டோம். போகலாம், ஆனால் மருந்து எடுத்துக்கொண்டு, காலை நீட்டிப் படுத்து, இடையிடையே நடந்து போங்கள் என்றார். மகளும் மாப்பிள்ளையும் கணக்குப் போட்டுப் பார்த்து ஒரே ஒரு பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எடுத்தார்கள், அம்மாவுக்கு. எனக்குப் பின்னால் எகானமி. நான்தான் அப்படி எடுக்கச் சொன்னேன்.

ஒரே விமானம். நடுவில் ஒரு திரை. அவளுடைய மாத்திரை தவறுதலாக என் பையில் வந்துவிட்டது. கொடுக்கப் போனேன். பணிப்பெண் திரைக்கு இந்தப் பக்கமே நிறுத்தி, "சார், நாங்களே கொடுத்துவிடுகிறோம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். விதி அப்படி. 41 வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், திரையைத் தாண்டிப் போய் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அவருக்கு முன்னால் நின்று திரும்பி வந்தது இன்னும் உறுத்துகிறது.

இறங்கியதும் கேட்டேன், எப்படி இருந்தது என்று. காணொளிக்காரர் பத்துக்குப் பத்து கொடுத்த அதே மாதிரிக் கதவு அங்கேயும் இருந்தது. அவள் அதை மூடவே இல்லை, பயமாக இருந்ததாம். ஷாம்பெயின் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். படம் பார்க்கவில்லை. "காலை நீட்டிப் படுத்தேங்க. தூங்கினேன். நினைச்சப்போ எழுந்து நடந்தேன். அவ்வளவுதான்." அந்த முறை கால் வீங்கவில்லை.

அந்த 'அவ்வளவுதான்' என்ற ஒரு வார்த்தைதான் என் தீர்ப்பு. இனி மறுமதிப்பீட்டுக்கு வருகிறேன்.

ஒப்பிடுகிறவர்கள் தூக்கிப் பிடிக்கும் சாதனைகளைப் பாருங்கள். எமிரேட்ஸ் 2008 முதல் ஏ380 முதல் வகுப்பில் ஷவர் வைத்திருக்கிறது, ஆளுக்கு ஐந்து நிமிடத் தண்ணீர். எதிஹாட் 2014இல் மூன்று அறை கொண்ட ஒரு வீட்டையே ஆகாயத்தில் கட்டியது. 2017இல் எமிரேட்ஸ் 777 முதல் வகுப்பின் நடு அறைகளுக்கு ஜன்னல் இல்லை என்பதால், வெளிக் காட்சியைக் கேமராவில் பிடித்துத் திரையில் காட்டும் பொய் ஜன்னல் வந்தது. அதே வருஷம் கத்தார் தன் 'க்யூசூட்' பிசினஸ் இருக்கைக்குக் கதவு போட்டது. எல்லாம் கெட்டிக்காரத்தனம்தான். மறுக்கவில்லை.

ஆனால் 65 வயதுக்காரியின் கண்ணால் பாருங்கள், மார்க் மாறும்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் 777லும் நெடுந்தூர ஏ350லும் பல வருஷம் வைத்திருக்கும் பிசினஸ் இருக்கை, பட்டியல்களில் எப்போதும் மேலே வரும். அதைப் படுக்கையாக்க எழுந்து நின்று முதுகுச் சாய்மானத்தை முன்பக்கம் மடித்துக் கவிழ்க்க வேண்டும். அப்புறம் காலை ஒரு மூலைப் பொந்துக்குள் விட்டுக் கோணலாகப் படுக்க வேண்டும். முட்டி வலிக்காரர் நடு இரவில் உட்கார நினைத்தால் ஆளைக் கூப்பிட வேண்டும். இதற்கு எந்தக் காணொளியிலாவது மார்க் குறைந்து பார்த்திருக்கிறீர்களா?

பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு ஒரு பாராட்டு சொல்ல வேண்டும். 2000இல் பிசினஸ் கிளாஸில் முழுக்கத் தட்டையான படுக்கையை முதலில் கொண்டுவந்தது அவர்கள்தான். அந்த ஒன்று உண்மையான முன்னேற்றம். ஆனால் அந்த அமைப்பில் ஜன்னலோரம் படுத்தவர் கழிப்பறைக்குப் போகப் பக்கத்தில் படுத்தவரின் காலைத் தாண்ட வேண்டும். அதை மாற்றும் புது இருக்கை வர 2019 ஆனது. எமிரேட்ஸின் 777களில் வெகுகாலம் பிசினஸ் கிளாஸ் 2-3-2 வரிசை. அத்தனை காசு கொடுத்தும் ஒருவர் நடுவில் மாட்டிக்கொள்வார். ஷவருக்குக் கைதட்டியவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிட்டார்கள்.

சரி, முன்பக்கம் போதும். அதே நிறுவனங்கள் திரைக்குப் பின்னால் என்ன செய்தன என்று ஏன் யாரும் ஒப்பிடுவதில்லை? போயிங் 777 வந்த காலத்தில் எகானமியில் வரிசைக்கு ஒன்பது பேர் என்பதே வழக்கம். இன்று பெரும்பாலான நிறுவனங்களில் பத்து. விமானம் ஓர் அங்குலம்கூட அகலமாகவில்லை. நாம்தான் ஒடுங்கினோம். 787இல் கிட்டத்தட்ட எல்லாரும் வரிசைக்கு ஒன்பது வைக்கும்போது, ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் பன்னாட்டு 787களில் எட்டு பேர்தான் வைத்திருக்கிறது. என்னைக் கேட்டால் உலகத்தின் சிறந்த 'பிரீமியம்' அனுபவங்களில் அதற்கும் இடம் உண்டு. பட்டியல் போடுகிறவர்கள் கண்ணில் அது படாது.

இன்னொரு தகவல். அமெரிக்க நாடாளுமன்றம் 2018இல், விமான இருக்கைகளுக்குக் குறைந்தபட்ச அளவு நிர்ணயிக்கச் சொல்லி ஒரு சட்டம் போட்டது. அந்நாட்டு விமானப் போக்குவரத்துத் துறை, நெருக்கமான இருக்கைகளிலிருந்து ஆபத்து நேரத்தில் எவ்வளவு வேகமாக வெளியேற முடிகிறது என்று சோதித்தது. சோதனைக்கு எடுத்தது 18 முதல் 60 வயது வரை உள்ள, உடல் திடமானவர்களை. அதாவது என் வயதுக்காரன் அந்தக் கணக்கிலேயே இல்லை. என் மனைவியும் இல்லை. பேத்தியும் இல்லை.

நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். கால் ரத்தக்கட்டு எகானமிக்கு மட்டுமே வரும் வியாதி அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது, நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், அது விமானமோ பஸ்ஸோ ரயிலோ, ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று. ஆனாலும் அது ஆறாயிரத்தில் ஒருவருக்கு வரும் அளவுதான். எல்லாரும் பயப்பட வேண்டாம். ஆனால் அசைய இடம் கொடுக்காமல் 'அசையுங்கள்' என்று அட்டையில் அச்சடித்து முன் பையில் செருகி வைப்பது என்ன நியாயம்?

இங்கே ஒரு கேள்வி வரும். முன்னால் உட்காருகிறவர் அதிகக் காசு கொடுப்பதால்தானே பின்னால் உள்ளவருக்கு டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது? கணக்கு வாத்தியாரிடம் கணக்கில் வாருங்கள். பத்துப் பேர் அகலத்தில் பிசினஸில் நாலு பேர். அதுவே இரண்டரை மடங்கு. நீளத்திலும் கூடுதல் இடம். ஆக மூன்று, நாலு மடங்கு இடம். நான் தேடிப் பார்த்த டிக்கெட்டுகளில் விலையும் பெரும்பாலும் மூன்று, நாலு மடங்குதான். அவர் எடுத்த இடத்துக்கு அவர் காசு கொடுக்கிறார். நமக்குத் தானம் எதுவும் செய்யவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை.

என் கோபம் வேறு. படுக்கை என்பது உடம்புக்குத் தேவை. ஷாம்பெயின் ஆடம்பரம். இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, 'வேண்டுமானால் இரண்டையும் வாங்கு, இல்லாவிட்டால் 16 மணி நேரம் நிமிர்ந்து உட்கார்' என்கிறார்கள். நம் அரசும் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை. எகானமி டிக்கெட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, பிசினஸுக்கு 2025 செப்டம்பர் முதல் 18 சதவீதம். படுப்பதும் ஆடம்பரக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

நம் ரயிலை நினைத்துப் பாருங்கள். ஸ்லீப்பர் வகுப்பில் ஷாம்பெயின் கிடையாது, கதவு கிடையாது, ஏசிகூடக் கிடையாது. ஆனால் ராத்திரி ஆனால் ஏழைக்கும் காலை நீட்ட ஒரு பலகை உண்டு. அதிலும் 60 வயதான ஆணுக்கும் 45 வயதான பெண்ணுக்கும் கீழ்ப் படுக்கையில் ஒதுக்கீடு உண்டு. யாருக்கு உடம்பு முடியவில்லையோ அவருக்குக் கீழ்ப் படுக்கை. இந்தச் சின்ன அறிவு ஆகாயத்தில் ஏன் இல்லை?

முடியாது என்பார்கள். நியூசிலாந்துக்காரர்கள் முயல்கிறார்களே! ஏர் நியூசிலாந்து 2011 முதலே எகானமியில் மூன்று இருக்கையைச் சேர்த்துப் படுக்கையாக்கும் ஒரு வரிசையை விற்கிறது. 2020இல் எகானமி பயணிகளுக்காக அடுக்குப் படுக்கைத் திட்டமும் அறிவித்தது, நாலு மணி நேரத்துக்கு ஒருவர் என்ற முறையில். நம் மூன்றடுக்கு பெர்த் மாதிரியேதான் அது. ஆக, வழி இருக்கிறது. மனசுதான் வேண்டும்.

ஆகவே மார்க் போடும் தம்பி தங்கைகளே, உங்கள் அட்டவணையில் நாலு கேள்வி சேருங்கள். படுக்கையைப் பிறர் உதவியில்லாமல் ஒரு முதியவர் விரிக்க முடியுமா? யாரையும் தாண்டாமல், எழுப்பாமல் எழுந்து போக முடியுமா? உடன் வந்தவர் பின்னால் இருந்தால் ஒரு முறை வந்து பார்க்க விடுவார்களா? அதே விமானத்தின் எகானமியில் வரிசைக்கு எத்தனை பேர்? கை கிரீமை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று. அப்பா அம்மாவை வரச் சொல்லும்போது நிறுவனத்தின் பெயரைப் பார்த்து டிக்கெட் எடுக்காதீர்கள். முடிந்தால் அந்த 16 மணி நேரப் பகுதிக்கு மட்டும் படுக்கை எடுங்கள். முதல் நாலு மணி நேரம் எகானமி போதும். அப்படிக் கலந்து எடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் நடைபாதை ஓர இருக்கையாவது உறுதி செய்யுங்கள், நடுவில் ஒரு நாள் தங்கிப் போக விடுங்கள். ஏற்கெனவே காலில் பிரச்சினை இருந்தால் கிளம்பும் முன் டாக்டரைக் கட்டாயம் பாருங்கள். "பக்கத்தில் உள்ளவரை எழுப்பத் தயங்காதே அம்மா" என்று போனில் ஒரு முறை சொல்லுங்கள். என் மனைவிக்கு அதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

குழுவில் தீர்ப்புக் கேட்ட மாணவருக்கு: கத்தாரா, சிங்கப்பூரா, எமிரேட்ஸா என்று கேட்டாய். விடைத்தாளைத் திருப்பி அனுப்புகிறேன். கேள்வியைத் திருத்திக்கொண்டு வா.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள். மரியாதையாக எழுதினால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வேன்.