பதிவேட்டில் இல்லாத வியர்வை

கெமாஸ் வட்டாரத் தோட்டமொன்றில் பிறந்தவன் நான். என் பாட்டி அங்கே நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். தோட்டம் கைமாறியதும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. பாட்டி என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "வாசல்ல நிக்கிற தென்னை நான் வெச்சதுய்யா. அது யாருது?"

பல்கலைக்கழகத்தில் நிலச் சட்டம் படித்தபோதுதான் விடை தெரிந்தது. மரம் மண்ணோடு சேர்ந்தது. மண்ணோ பட்டாவில் பெயர் உள்ளவருக்கு உரியது.

இது மேற்கிலிருந்து வந்த முறை. 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் தோரன்ஸ் கொண்டுவந்த பதிவு முறையே நமது 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்துக்கு அடிப்படை. பதிவேட்டில் உள்ள பெயரே உரிமை. வேறொருவர் எத்தனை ஆண்டுகள் குடியிருந்தாலும் உரிமையாளர் நிலத்தை மீட்கத் தடையில்லை என்கிறது 341ஆம் பிரிவு. வாங்குபவருக்கு இம்முறை பாதுகாப்பு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உழைத்தவரின் வியர்வையைக் குறிக்க அதில் இடமே இல்லை.

சட்டம் வேறெதையும் மதிக்காதா? மதிக்கும். அதற்கு நெகிரி செம்பிலானே சாட்சி. அடாட் பெர்பாத்தே வழக்கப்படி இங்கே மலாய்க் குலங்களின் மூதாதையர் நிலம் தாயிடமிருந்து மகளுக்குச் செல்கிறது. நினைத்தவருக்கு விற்றுவிட முடியாது. ஆங்கிலேயர் ஆட்சியிலேயே, 1909இல், இவ்வழக்கத்துக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு சமூகத்தின் மண்ணுறவுக்குச் சட்டத்தில் இடமுண்டு என்றால், மூன்று தலைமுறைத் தோட்டத் தொழிலாளிக்கு மட்டும் ஏன் இல்லை?

1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலம் அது. தொழிலாளியின் சேமிப்பிலேயே தோட்டங்களை வாங்கியது அச்சங்கம். எல்லாத் தோட்டங்களுக்கும் அந்த வாய்ப்பு அமையவில்லை.

இன்று செய்யக்கூடியது ஒன்று உண்டு. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலம் கைமாறத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 214ஏ பிரிவு. நீண்டகாலத் தொழிலாளிக்கு அவர் பெயரிலேயே வீடு என்பதை அந்த ஒப்புதலுக்குரிய நிபந்தனையாக்க வேண்டும். அது நிர்வாகத்தின் கருணையாக இருக்கக்கூடாது.

மாணவ நண்பர்களே, விடுமுறையில் ஊர் திரும்பும்போது நில அலுவலகத்துக்கு ஒருமுறை செல்லுங்கள். உங்கள் தோட்டத்துக் கோயிலும் வீடும் நிற்கும் மண் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கடிதம் வந்த பிறகு தெரிந்துகொண்டு பயனில்லை.