முதல் செலவு மானிட்டருக்கே

வீட்டிலிருந்தே டிசைன் வேலை பார்க்கப்போவதாகப் பிள்ளை சொன்னதும், பல பெற்றோர் பணத்தைப் புரட்டிக்கொண்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கோ உள்ளூர் கம்ப்யூட்டர் கடைக்கோ போகிறார்கள். வீடு வந்து சேர்வது பெரும்பாலும் ஒரு கேமிங் கம்ப்யூட்டர். கண்ணாடி கேபினெட், வண்ண விளக்குகள், விலை கூடிய கிராஃபிக்ஸ் கார்டு என்று பணமெல்லாம் கரைந்தபின், மிச்சத்தில் ஏதோ ஒரு மானிட்டர். இந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்ற வேண்டும்.

டிசைனர் விற்பது நிறத்தை. சிவகாசியில் அச்சாகும் காலண்டரோ கல்யாணப் பத்திரிகையோ, ஆஃப்செட் இயந்திரம் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால்தான் பெரும்பாலான நிறங்களை உண்டாக்குகிறது. மானிட்டரோ சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கலந்து காட்டுகிறது. அதனால்தான் திரையில் பளிச்சென்று இருந்த நீலம் காகிதத்தில் ஊதா அடித்து நிற்கிறது, கிளிப்பச்சை மங்கிப்போகிறது. நல்ல மானிட்டர் வாங்கினாலும் இந்த வேறுபாடு மறையாது. ஆனால் அச்சில் எப்படி வரும் என்பதை முன்கூட்டியே காட்டும் 'சாஃப்ட் ப்ரூஃப்' வசதி ஃபோட்டோஷாப்பில் இருக்கிறது. திரையே நிறத்தைத் தவறாகக் காட்டினால் அந்த வசதி இருந்தும் பயனில்லை. ஆயிரம் பத்திரிகை அச்சான பிறகு, "நாங்க பார்த்த கலர் இது இல்லையே" என்று வாடிக்கையாளர் சொன்னால் நஷ்டம் டிசைனர் தலையில்தான் விழும்.

மானிட்டர் வாங்கும்போது அங்குலத்தை மட்டும் கேட்கக் கூடாது. ஐபிஎஸ் பேனலா என்று கேட்க வேண்டும். பழைய டிஎன் பேனலில் தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே நிறம் மாறிவிடும். அடுத்து, 1996-இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் வகுத்த எஸ்ஆர்ஜிபி நிற வரம்பில் எத்தனை சதவீதத்தைக் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். நூறை ஒட்டி இருப்பதே நல்லது. விலை குறைந்த லேப்டாப்களின் விவரக் குறிப்பில் '45% என்டிஎஸ்சி' என்று இருக்கும். என்டிஎஸ்சி என்பது 1953-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தொலைக்காட்சி அளவுகோல். அந்த 45%, எஸ்ஆர்ஜிபி கணக்கில் சொன்னால் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான். அச்சு வேலைக்கு அந்தத் திரையை நம்பக் கூடாது.

செலவே இல்லாத இரண்டு காரியங்களும் உண்டு. கண்ணுக்கு இதமாக இருக்கிறதென்று பலர் 'நைட் லைட்' வசதியைப் போட்டே வைத்திருக்கிறார்கள். திரை முழுவதும் மஞ்சள் பூத்துக் கிடக்க, வெள்ளை எது, சந்தன நிறம் எது என்று எப்படிப் பிரித்தறிவது? வேலை நேரத்தில் அதை அணைத்துவிட வேண்டும். ஜன்னல் வெளிச்சம் திரையில் நேராக விழாதபடி மேசையையும் நகர்த்திப் போட வேண்டும்.

மானிட்டருக்கு அடுத்து ரேம். கணக்கு எளிது. 300 டிபிஐ-யில் ஏ4 பக்கம் என்றால் 2480-க்கு 3508 பிக்சல். நான்கு நிறத்தில் ஒரு லேயருக்கே சுமார் 35 எம்பி. முப்பது லேயர் முழுதாக நிரம்பினால் ஒரு ஜிபியைத் தாண்டும். இதோடு விண்டோஸும் பிரவுசரும் ஓட வேண்டும். 8 ஜிபி திணறும், 16 ஜிபி தாங்கும். போஸ்டர், லோகோ, அழைப்பிதழ் வேலைக்குப் புராசஸரோடு வரும் கிராஃபிக்ஸே பெரும்பாலும் போதுமானது. முப்பரிமாண வேலையும் வீடியோ எடிட்டிங்கும் பார்ப்பவர்களுக்கே தனி கார்டு தேவை. ஹார்ட் டிஸ்க்கைவிட எஸ்எஸ்டியில் வேலை வேகமாக நடக்கும். முடித்த ஃபைல்களுக்கு வெளியில் இன்னொரு பிரதி கட்டாயம் இருக்க வேண்டும்.

பென் டேப்லெட் எல்லோருக்கும் தேவையில்லை. எழுத்தும் லோகோவும் அமைப்பவருக்கு மவுஸ் போதும். கையால் படம் வரைபவர்களுக்கு டேப்லெட் இல்லாமல் முடியாது. அவர்களும் சிறிய அளவில் தொடங்கலாம். பேனா உணரும் 4096 அழுத்த நிலைகளுக்கும் 8192-க்கும் உள்ள வேறுபாடு கைக்குத் தெரிவது அரிது. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

அந்தப் பணத்தில் யுபிஎஸ் வாங்கலாம். டெஸ்க்டாப்பில் பேட்டரி கிடையாது, மின்சாரம் போனால் சேமிக்காத வேலையும் போகும்.

வாங்கும் முன் மானிட்டரின் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் பேனல் வகையையும் எஸ்ஆர்ஜிபி சதவீதத்தையும் பாருங்கள். அந்த விவரம் கிடைக்காத மானிட்டருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.