காட்டின் விருந்தினர்

மைசூருவிலிருந்து உதகைக்குச் செல்லும் சாலை, நஞ்சன்கூடு, குண்டல்பேட்டை ஆகிய ஊர்களைக் கடந்து பந்திப்பூர்க் காட்டுக்குள் நுழைகிறது. விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் பல இவ்வழியாகவே பயணம் செய்கின்றன. பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்த சிறுவர்கள் புள்ளிமான் கூட்டங்களைக் கண்டு மகிழ்கின்றனர். சில நாள்களில் யானையும் தென்படும். கக்கநல்லா சோதனைச்சாவடியைக் கடந்தால் தமிழ்நாட்டின் முதுமலைக் காடு தொடங்குகிறது.

பந்திப்பூர் ஒரு காலத்தில் மைசூரு மன்னர்களின் வேட்டைக்காடாக இருந்தது. மன்னராட்சிக் காலத்திலேயே, 1931ஆம் ஆண்டில், அதன் ஒரு பகுதி சரணாலயமாக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முடிவு கட்டியது. 1973இல் புலிகள் காப்புத் திட்டம் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது காடுகளுள் பந்திப்பூரும் ஒன்றாயிற்று. துப்பாக்கியின் இடத்திற்கு ஒளிப்படக்கருவி வந்தது. இது பெரும் நன்மையே. ஆயினும், கருவி மாறிய அளவுக்கு மனம் மாறியதா என்பதே கேள்வி.

சஃபாரி வண்டியில் ஏறுவோர் பலர் ஓட்டுநரிடம் முதலில் கேட்பது, "புலி தென்படுமா?" என்பதே. புலி ஒன்று நீர்நிலைக்கு வந்தால், வண்டிகள் அவ்விடம் நோக்கி விரைகின்றன. நீர் அருந்த வந்த விலங்கு வழி தெரியாமல் திகைத்து நிற்கிறது. படம் எடுத்தவர் மகிழ்ச்சியுடன் திரும்புகிறார். புலியோ தாகத்துடன் திரும்புகிறது. குண்டு பாயவில்லை, ஆயினும் இதுவும் ஒருவகை வேட்டையே.

2025 ஆகஸ்டு மாதம் பந்திப்பூர்ச் சாலையில், யானைக்கு அருகில் நின்று படமெடுக்க முயன்ற பயணி ஒருவர் மிதிபட்டுக் காயமுற்றார். வனத்துறை அவருக்கு 25,000 ரூபாய் தண்டம் விதித்தது. தவறு யானையுடையது அன்று.

அவ்வாறாயின் சஃபாரியை அடியோடு நிறுத்திவிடலாமே என்பார் உளர். அது சரியான தீர்வு ஆகாது. ஓட்டுநர், வழிகாட்டி, விடுதிப் பணியாளர் எனக் காட்டோர மக்கள் பலர் இதனால் வாழ்கின்றனர். மேலும், கண்ணால் கண்ட காட்டையே மனிதர் காக்க விரும்புவர். ஆனால், காட்டின் தேவையே முதன்மையானது; காட்சி அதற்குப் பின்னரே. 2025 நவம்பரில் காட்டோர ஊர்களில் புலி தாக்கி மக்கள் உயிரிழந்தபோது, கர்நாடக அரசு பந்திப்பூரிலும் நாகரகொளேயிலும் சஃபாரியை நிறுத்தி, அப்பணியாளர்களைப் புலியைத் தேடும் பணிக்கு அனுப்பியது. அவ்வரிசைமுறையே சரியானது.

படமெடுப்போருக்குச் சிறந்த முன்னோடி ஒருவர் தமிழரிடையே வாழ்ந்தார். அவர் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996). வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே ஒளிப்படக்கருவி அமைத்துக்கொண்டவர் அவர். நடந்தும், பழக்கப்பட்ட யானைமீது அமர்ந்தும் காட்டுயானைகளைக் கறுப்பு வெள்ளைப் படங்களாகப் பதிவு செய்தார். விலங்கின் இயல்பை முதலில் அறிந்து, அதன் பின்னரே படமெடுத்தார். அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இன்றைய கருவிகள் அவருடையதைவிடப் பன்மடங்கு சிறந்தவை. அவருடைய பொறுமைதான் இன்று அரிதாகிவிட்டது.

விருந்தினராகச் சென்ற வீட்டில் எவரும் உரக்கக் கத்துவதில்லை. வீட்டாரின் வழியை மறிப்பதில்லை. காட்டிலும் அதுவே முறை. வண்டியை விட்டு இறங்காமை, ஒலி எழுப்பாமை, உணவு எறியாமை, மின்னொளி பாய்ச்சாமை, விரட்டிச் செல்லுமாறு ஓட்டுநரை வற்புறுத்தாமை ஆகிய ஐந்தும் பயணியின் கடமைகள். மண்ணில் பதிந்த அடிச்சுவட்டையும் மானின் எச்சரிக்கைக் குரலையும் அறிந்துகொண்டவர், புலியைக் காணாமல் திரும்பினாலும் காட்டைக் கண்டவரே ஆவார்.