எண்ணப்படாத மாவட்டம்

கள்ளக்குறிச்சிக்கு ஆட்சியர் இருக்கிறார், வருவாய்க் கோட்டங்கள் இருக்கின்றன. தனக்கென ஒரு மக்கள்தொகைக் கணக்கு மட்டும் இன்னும் இல்லை. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்த மாவட்டம் இது. அரசு ஆவணங்கள் சொல்லும் 13.70 லட்சம் பேர், 2011இல் விழுப்புரத்தின் பெயரில் எண்ணப்பட்டவர்கள். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய்த் தள்ளிப்போய் 2027 பிப்ரவரியில் வந்து நிற்கிறது.

மாவட்டத்தைப் பிரித்ததில் குறை சொல்ல இடமில்லை. பழைய விழுப்புரம் 7,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். மரக்காணம் கடற்கரையும் கல்வராயன் மலையும் ஒரே ஆட்சியரின் பொறுப்பு. வெள்ளிமலைக்காரர் ஒரு மனுக் கொடுக்க மலையிறங்கி, கள்ளக்குறிச்சி வந்து, அங்கிருந்து விழுப்புரத்துக்கு இன்னும் சுமார் 80 கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டியிருந்தது. இப்போது மலை ஒரு தனித் தாலுகா, வெள்ளிமலை அதன் தலைமையிடம்.

தூரம் குறைந்துவிட்டது. கணக்கு இன்னும் தெளியவில்லை.

மாவட்டத்தின் பரப்பு சுமார் 3,520 சதுர கிலோமீட்டர். அந்த 13.70 லட்சத்தை இதால் வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு 389 பேர். 2011இல் மாநிலச் சராசரி 555. ஆனால் இந்த 389 எந்த ஊரின் எண்ணும் அல்ல. கிழக்கே தென்பெண்ணைக் கரையில் திருக்கோவிலூர், நெடுஞ்சாலைகள் கூடும் உளுந்தூர்பேட்டை, கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் சர்க்கரை ஆலைகளை நம்பிய கரும்புக் காடுகள் என்று நெருக்கமான சமவெளி. மேற்கே 2,000 அடிக்கு மேல் சிதறிக் கிடக்கும் மலையாளிப் பழங்குடிகளின் சிற்றூர்கள். இரண்டையும் கூட்டி வகுத்த சராசரியில் மலை காணாமல் போகிறது. பழங்குடிகள் கணக்கும் அப்படித்தான். பழைய விழுப்புரத்தில் அவர்கள் 2 சதவீதத்தைச் சற்றே தாண்டுவார்கள். அதிலும் கல்வராயன் மலையாளியும் திண்டிவனம் பக்கத்து இருளரும் ஒரே கட்டத்துக்குள்.

மலைக்கு இது பழகிப்போன கதை. சமவெளி ஜமீன்களை 1948 சட்டம் ஒழித்த பிறகும் இங்கே ஜாகிர்தார்களின் ஆளுகை நீடித்தது. 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில்தான் அரசு அதை எடுத்துக்கொண்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அதன் பிறகே சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலையும் ஆஸ்பத்திரியும் எங்கே என்று கேட்க, அடிவாரத்தில் அத்தனை பிணங்கள் விழ வேண்டியிருந்தது.

அடுத்த கணக்கெடுப்பு இதைச் சரிசெய்துவிடுமா? தானாகச் செய்யாது. கணக்கெடுப்பு நாட்கள் முழுவதும் ஊரில் இல்லாதவர், எங்கே இருக்கிறாரோ அங்கேதான் எண்ணப்படுவார் என்பது விதி. மலையில் மானாவாரிச் சாமையும் மரவள்ளியும் போட்டுவிட்டு, கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் காப்பித் தோட்ட வேலைக்குப் போகிற குடும்பங்கள் ஏராளம். பிப்ரவரி என்பது அங்கே காப்பி பறிக்கும் காலம். அந்த மாதத்தில் பூட்டிய வீடுகளைப் பார்த்துவிட்டு ஆள் குறைவு என்று எழுதினால், அடுத்த பத்தாண்டுக்குப் பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் அந்தக் குறைவை வைத்தே முடிவாகும்.

இன்னொரு சிக்கல், மலை ஒன்று, மாவட்டங்கள் பல. இதே மலையின் கருமந்துறை சேலம் மாவட்டத்துப் பெத்தநாயக்கன்பாளையம் தாலுகாவில் இருக்கிறது. மலையின் வடக்குச் சரிவுகள் வேறு மாவட்டங்களுக்குள் போகின்றன. அதே மக்கள், அதே மொழி, அதே பயிர். கோப்புகள் மட்டும் வேறு வேறு மேசையில். ஓட்டிலும் இந்தக் குழப்பம் உண்டு. கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் சேலத்து ஏற்காடும் ஆத்தூரும் சேரும். இதே மாவட்டத்து உளுந்தூர்பேட்டை விழுப்புரம் தொகுதிக்குப் போய்விடும். மாநிலத்தில் பழங்குடியினருக்கான தனித் தொகுதிகள் ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டுமே. கல்வராயன் தாலுகா வாக்காளர்கள் சங்கராபுரம் பொதுத் தொகுதியில் கரைந்துவிடுகிறார்கள்.

எல்லையை மறுபடி திருத்தச் சொல்லவில்லை. மாவட்ட எல்லை போடுவது பெரும்பாலும் தாலுகாக்களை ஒட்டவைக்கிற வேலைதான். கேட்பது இதைவிடச் சின்னது. கணக்கெடுப்புக்கு முன்பே ஊராட்சிவாரியாக வெளியூர் போயிருப்பவர்களின் பட்டியலைக் கிராம நிர்வாக அலுவலர்கள் எடுத்து வைக்கலாம். முடிவுகள் வந்ததும், கள்ளக்குறிச்சியும் சேலமும் மற்ற மாவட்டங்களும் தத்தம் மலை ஊர்களின் எண்ணைச் சேர்த்து, கல்வராயனுக்கென ஒரே அட்டவணையாக வெளியிடலாம். இரண்டுக்கும் புதுச் சட்டம் தேவையில்லை. முதலாவதற்கு மட்டும் கெடு உண்டு: 2027 பிப்ரவரி.