பொதுப் பள்ளியும் நம் பிள்ளைகளும்

நெய்வேலி நகரியத்தின் வட்டங்களிலும் சுற்றுக் கிராமங்களிலும் காலை வேளையில் மஞ்சள் நிறப் பள்ளி வண்டிகள் செல்வதை நமது அங்கத்தினர்கள் அன்றாடம் காண்கின்றனர். அவற்றில் ஏறுவோர் யார், நடந்து செல்வோர் யார் என்பதைச் சற்றுக் கவனிக்க வேண்டுகிறோம்.

தனியார் பள்ளி கட்டணத்தையே கேட்கிறது. சாதியைக் கேட்டு எவரையும் தடுப்பதில்லை. ஆயினும் நிலமும் மாதச் சம்பளமும் உள்ள தெருக்களின் பிள்ளைகளே அங்கு மிகுதியாகச் சேர்கின்றனர். பல ஊர்களில் பொதுப் பள்ளியில் எஞ்சுவோர் கூலிக்காரர் பிள்ளைகளும் ஆதிதிராவிடர் பிள்ளைகளுமே.

அமெரிக்காவில் இது நிறத்தின் பேரால் வெளிப்படையாகவே நடந்தது. வெள்ளையர்க்கும் கறுப்பினத்தார்க்கும் தனித்தனிப் பள்ளி கூடாதென 1954இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விர்ஜீனியா மாநிலத்துப் பிரின்ஸ் எட்வர்ட் வட்டாரத்தார் அத்தீர்ப்புக்கு இணங்க மனமின்றி, 1959இல் பொதுப் பள்ளிகள் அனைத்தையும் மூடிவிட்டனர். வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி அமைந்தது. கறுப்பினப் பிள்ளைகளுள் பெரும்பாலோர் பல ஆண்டுகள் முறையான படிப்பின்றிக் கிடந்தனர். பொதுப் பள்ளிகள் 1964இல்தான் மீண்டும் திறக்கப்பட்டன. அங்கே வாயிலை அடைத்தனர். இங்கே வசதியுள்ளோர் தாமாகவே வெளியேறுகின்றனர்.

நமது நாட்டில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்த பிரிவினர்க்கு ஒதுக்கிற்று. 2012இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. அரசு உதவி பெறாத சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு மட்டும் விலக்களித்தது. குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்யும் ஓர் அன்பர் தம் மகளுக்கு அவ்வழியில் இடம் பெற்றால் அவரைக் குறை கூறோம். எனினும் அதனையே நம்பியிருத்தல் ஆகாது. 2025இல் மத்திய சர்க்காரின் நிதி தாமதமானதால், கோடையில் தொடங்கவேண்டிய அச்சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கிற்று.

நல்ல நூலைத் தனியே வாங்க வல்லவர்கள் சங்கத்தைவிட்டு விலகினால் எஞ்சியோர் கதி என்னவென்பது நெசவாளர்க்குத் தெரியும். பள்ளியிலும் அதுவே நிகழ்கிறது. ஆசிரியர் வரவில்லை, கழிப்பறையில் நீரில்லை என்று அஞ்சாது கேட்கக்கூடியவர்கள் முதலில் வெளியேறுகின்றனர். கேட்கத் தயங்குவோர் உள்ளே நிற்கின்றனர். ஆங்கிலம் வேண்டும் என்ற பெற்றோரின் ஆசையை நாம் இகழவில்லை. அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழி வகுப்புகள் உள்ளன. தொடக்கப் பள்ளிகளில் 2022 முதல் காலை உணவும் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே பயின்றோர்க்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 விழுக்காடு இடங்களை 2020ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியுள்ளது. இவை நம் வீடுகளில் போதிய அளவு பேசப்படாதது வியப்பே.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்கவேண்டுமென்று அதே கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. சங்கத் தேர்தலுக்குத் திரளும் நம்மவர்கள் அக்குழு அமைக்கும் கூட்டத்திற்குச் செல்வதில்லை. வரும் ஜூன் மாதத்தில் இரு தெருவாரும் தம் பிள்ளைகளை ஒரே பொதுப் பள்ளியில் சேர்த்து, நம் தாய்மார்களை அக்குழுவிற்கு அனுப்பவேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.