கேளாமல் எழுதிய பத்தி

கடந்த மாதம் பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், வலிகாமத்தில் வசிப்பவர். அவருடைய ஊரில் நடந்த திருமணமொன்றில் மாப்பிள்ளையின் தோழர்கள் ஆளுயர ஒலிபெருக்கிகளைக் கொண்டுவந்து இறக்கி, 'டிஜே' ஒருவரை அமர்த்தி, நள்ளிரவு வரை ஆடினார்களாம். "நெஞ்சு அதிருது ஐசே, பாட்டு எண்டு ஒண்டுமில்லை, வெறும் இடிதான். இதைப் பற்றி நீர் ஒருக்கா எழுத வேணும். எங்கட கலாசாரம் அழிஞ்சு போகுது" என்றார்.

எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதைத்தான் இப்போது நிறைவேற்றுகிறேன். ஆனால் அவர் எதிர்பார்த்த கட்டுரை இதுவல்ல. அவர் எதிர்பார்த்ததை நான் 2007ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டேன். அதை எழுதியதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

2006 ஓகஸ்ட்டில் ஏ9 பாதை மூடப்பட்டுக் குடாநாடு வெளியுலகிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த காலம் அது. அச்சுக்கடதாசித் தட்டுப்பாட்டால் பத்திரிகைகளின் பக்கங்கள் சுருங்கியிருந்தன. ஒவ்வோர் அங்குல இடமும் பெறுமதியானது. அந்த இடத்தில்தான், மேற்குலகில் புகழ்பெற்றிருந்த ஒரு தமிழ்ப் பெண்ணின் இசையைக் 'கூச்சல்' என்றும், அவரது உடையையும் ஆட்டத்தையும் 'பண்பாட்டுச் சீரழிவு' என்றும் கண்டித்து ஒரு பத்தி எழுதினேன். வாசகர்கள் பாராட்டிக் கடிதம் அனுப்பினார்கள். அவரது பாடல் ஒன்றைக்கூட அதுவரை நான் கேட்டிருக்கவில்லை என்பதை எவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகம் அறிந்த மாதங்கி அருள்பிரகாசம்தான் அந்தப் பெண்.

1975இல் இலண்டனில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்தார். திருக்குடும்பக் கன்னியர் மடத்தில் படித்தார். போர் துரத்த, 1986இல் தாயுடனும் உடன்பிறந்தோருடனும் அகதியாக மீண்டும் இலண்டன் சேர்ந்தார். தந்தை அருளர் ஈரோஸ் இயக்கத்தின் நிறுவுநர்களில் ஒருவர். 1977 இனக்கலவரத்தில் அகதிகளான தமிழரைக் கொழும்பிலிருந்து வடக்கே ஏற்றிவந்த கப்பலைக் களமாகக் கொண்டு 'லங்கா ராணி' என்ற நாவலை எழுதியவர், 2019இல் காலமானார். மகள் தனது முதல் இசைத்தொகுப்புக்குத் தந்தையின் பெயரையே 'அருளர்' (2005) என வைத்தார். இரண்டாவதற்குத் தாயின் பெயர்: 'கலா' (2007). தகப்பன் இயக்கத்துக்குப் போக, பிள்ளைகளைத் தனியே வளர்த்த தாய் அவர். தாய் தந்தையின் பெயரைத் தொகுப்புகளுக்குச் சூட்டிய பிள்ளையைத்தான் நாம் பண்பாடற்றவள் என்றோம்.

அந்த இசை என்ன வகை என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ராப், ஹவுஸ், டான்ஸ்ஹோல் ஆகிய மூன்று ஓடைகள் கலந்த கிளப் இசை அது. மூன்றுமே வசதி படைத்தவர்களிடமிருந்து வந்தவையல்ல. 1973 ஓகஸ்ட்டில் நியூயோர்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில், கூல் ஹேர்க் என்ற இளைஞர் இரண்டு இசைத்தட்டுச் சுழலிகளை வைத்து நடத்திய விருந்தை ராப்பின் தொடக்கமாகச் சொல்வார்கள். அவர் யமேக்காவிலிருந்து குடியேறியவர். சிக்காகோவில் கறுப்பின இளைஞர்கள், அதிலும் தமது சமூகத்தாலேயே ஒதுக்கப்பட்ட தற்பாலீர்ப்பினர், கூடி ஆடிய 'வெயர்ஹவுஸ்' என்னும் கிளப்பின் பெயரிலிருந்தே 'ஹவுஸ்' என்ற பெயர் வந்தது. யமேக்காவின் டான்ஸ்ஹோல் இசை 1985இல் கணினி யுகத்துக்குள் நுழைந்தது ஒரு சிறிய கசியோ விசைப்பலகையில் ஏற்கெனவே பதிந்திருந்த தாளத்தைக் கொண்டுதான். 'ஸ்லெங் டெங்' என்று பெயர்பெற்ற அந்த ஒரே தாளத்தின் மேல் பின்னர் நூற்றுக்கணக்கான பாடல்கள் பாடப்பட்டன.

கையில் என்ன இருக்கிறதோ அதைக்கொண்டு ஒலியை உண்டாக்குவதே இந்த மூன்றுக்கும் பொதுவான இயல்பு. மாதங்கியும் அப்படித்தான் தொடங்கினார். இரவல் வாங்கிய ரோலண்ட் எம்சி-505 என்ற தாளப்பெட்டியும், பழைய நான்கு தடப் பதிவுக் கருவியும், ஒரு ஒலிவாங்கியும்தான் அவரது மூலதனம். முதல் பாடலான 'கலாங்' 2003இல் வெறும் 500 பிரதிகளாக வெளிவந்தது. ஐந்து ஆண்டுகளில் அவரது 'பேப்பர் பிளேன்ஸ்' அமெரிக்காவின் பில்போர்ட் நூறு பாடல் வரிசையில் நான்காம் இடத்தை எட்டியது.

இந்த வெற்றிக் கதையை நாம் அறிவோம், கொண்டாடியும் இருக்கிறோம். நான் சொல்ல வந்தது வேறு.

பத்தி எழுதிச் சில ஆண்டுகள் கழிந்தபின் ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மருமகன், "மாமா, இதைக் கேட்டுப் பாருங்கோ" என்று 'கலா' தொகுப்பின் முதற்பாடலைப் போட்டுக் காதில் மாட்டினான். 'பம்பூ பங்கா'. முதலில் ஓடும் வாகனம் போல் ஒரு தாளம். பிறகு அடியாழத்திலிருந்து ஏதோ பழகிய குரல், பழகிய மேளம். சில நொடிகளில் அடையாளம் தெரிந்துவிட்டது. 'தளபதி' படத்துக்காக இளையராஜா இசையமைத்த 'காட்டுக்குயிலு' பாடல்.

எனக்கு அந்தப் பாடல் வெறும் சினிமாப் பாட்டல்ல. 'தளபதி' வெளியான 1991இல் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் பற்றரியும் இல்லை. நான் அப்போது கலைப்பீட மாணவன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுழற்ற, டைனமோவிலிருந்து இழுத்த கம்பியில் வானொலிப் பெட்டி பாடும். கை ஓய்ந்தால் பாட்டும் ஓயும். திருச்சி வானொலியில் அந்தப் பாட்டு வரும்போது சுழற்றுகிறவன் கை தானாகவே வேகம் எடுக்கும். விளக்கில்லாத முற்றத்தில், விமானம் வருகிறதா என்று ஒரு காதை வானத்துக்குக் கொடுத்துக்கொண்டு, நாங்கள் ஏழெட்டுப் பேர் அந்த மேளத்துக்கு ஆடியிருக்கிறோம். அன்று எங்களைப் பார்த்து எவரும் கலாசாரம் அழிகிறது என்று சொல்லவில்லை.

பிராங்ஸ் இளைஞர்கள் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் எடுத்துப் பூங்காவில் இசை போட்டார்கள் என்று பின்னர் படித்தபோது எனக்கு அந்த டைனமோ நினைவுக்கு வந்தது. அந்நியம் என்று நான் ஒதுக்கிய இசையின் பிறப்பும் எங்கள் முற்றத்துக் கூத்தும் அவ்வளவு தூரத்தில் இல்லை.

'கலா'வில் இன்னும் இரண்டு பாடல்களைச் சொல்ல வேண்டும்: 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்'. இவற்றுக்காகச் சென்னையில் உறுமி மேளக்காரர்களை வைத்துப் பதிவு செய்தார். உறுமி இடை சிறுத்த மேளம். ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள்; மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது விலங்கு உறுமுவதுபோல் ஓர் ஆழ்ந்த ஒலி ஏறி இறங்கும். கிளப்பின் பெரிய ஒலிபெருக்கிகள் தேடுவதும் இத்தகைய அடியொலியைத்தான். ஹவுஸ் இசையிலிருந்து வந்த இங்கிலாந்துத் தயாரிப்பாளர் 'சுவிட்ச்' அந்த மேளத்தை மழுக்காமல், மெருகிடாமல், முன்னே நிறுத்தினார். 'பேர்ட் ஃப்ளூ' காட்சி இந்திய மீனவக் கிராமமொன்றிலும், 'பாய்ஸ்' காட்சி யமேக்காவின் டான்ஸ்ஹோல் ஆட்டக்காரர்களோடும் எடுக்கப்பட்டன. தமிழ்நாட்டின் சாவு வீட்டிலும் சிறுதெய்வக் கோயிலிலும் ஒலிக்கும் மேளத்துக்குக் கிங்ஸ்டன் இளைஞர்கள் ஒரு தடங்கலும் இல்லாமல் ஆடினார்கள்.

என் வெட்கத்தின் இன்னொரு காரணம் இங்கேதான் இருக்கிறது. உறுமிக்கு யாழ்ப்பாணத்தில் உறவு தேடினால் அது பறை. நாம் தவிலுக்குப் பெருமை கொண்டோம்; நியாயமான பெருமைதான். இணுவிலில் பிறந்த தட்சிணாமூர்த்தியின் விரல்களைத் தமிழ்நாட்டு வித்துவான்களே வியந்தார்கள். ஆனால் பறையை என்ன செய்தோம்? சாவு வீட்டுப் படலைக்கு வெளியே நிறுத்தினோம். அதை அடித்தவரின் பெயரைக்கூடக் கேளாமல் கூலியைக் கொடுத்து அனுப்பினோம். ஒடுக்கப்பட்ட மக்கள் கோயிலுக்குள் நுழையும் உரிமைக்காக 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் போராட வேண்டியிருந்த மண் இது. அவமானத்தின் அடையாளம் என்று பறையைக் கீழே போட்டவர்கள் உண்டு. அவர்கள் முடிவு மதிக்கத்தக்கது. உரிமையின் குரலாக மீண்டும் கையில் எடுத்தவர்களும் உண்டு. இரண்டுமே நாம் செய்த அவமதிப்புக்குக் கிடைத்த மறுமொழிகள்.

ஆக, 'வெறும் இடி' என்று நாம் முகம் சுளிக்கும்போது உண்மையில் எதைக் கண்டு சுளிக்கிறோம்? மேற்கத்தைய இசையைக் கண்டா? நம் வீடுகளில் மேற்கத்தைய வயலினும் ஆர்மோனியமும் அரியணை ஏறி அமர்ந்திருக்கின்றனவே! உடலை ஆட்டுவிக்கும் மேளத்தை எப்போதும் கீழானவர்களின் ஒலி என்று கருதிவந்த பழைய காதுதான் இன்று டிஜேயைப் பார்த்தும் முகம் சுளிக்கிறது என்பது என் துணிபு. 2007இல் எனக்கு இருந்ததும் அந்தக் காதுதான்.

சிலர் வேறு வழியில் சமாதானம் தேடுகிறார்கள். ராப் எங்களிடம் அன்றே இருந்தது, திருப்புகழின் சந்தத்தைப் பாருங்கள் என்பார்கள். திருப்புகழின் பெருமைக்கு ராப்பின் சான்றிதழ் தேவையில்லை. ராப்புக்கும் நம் முத்திரை தேவையில்லை. ஒன்றை மதிப்பதற்கு அது முதலில் நம்முடையதாக இருந்தாக வேண்டும் என்ற எண்ணமே பிழையானது.

மாதங்கியை நான் பூசிக்கவில்லை. அவரது ஆரம்பகாலக் காட்சிகளில் புலி உருவம் அலங்காரமாக வந்தது. கட்டாய ஆட்சேர்ப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் அப்போது வன்னியில் இருந்தார்கள். அவர்களுக்கு அது அலங்காரம் அல்ல. 2020இல் தடுப்பூசி பற்றி அவர் சொன்னவை பொறுப்பற்றவை என்றே கருதுகிறேன். ஆனால் 2009இன் தொடக்கத்தில் வன்னியில் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்கத் தொலைக்காட்சியில் அமர்ந்து அதைச் சொல்லும் வாய்ப்புக் கிடைத்த தமிழர் எத்தனை பேர்? கிடைத்தபோது அவர் சொன்னார். அந்த பெப்ரவரியில் நிறைமாதக் கர்ப்பிணியாகக் கிராமி மேடையில் பாடினார். ஏ.ஆர். ரஹ்மானுடன் சேர்ந்து செய்த 'ஓ... சாயா' ஒஸ்கார் பரிந்துரை பெற்றதும் அதே காலத்தில்தான். அவரைப் பயங்கரவாத ஆதரவாளர் என்றவர்களும் உண்டு. பணக்காரியின் பாசாங்கு என்றவர்களும் உண்டு. நாமோ தேவைப்பட்டபோது எங்கள் பிள்ளை என்றோம். தேவையில்லாதபோது உடையைப் பார்த்தோம். இரண்டு தரப்பிலும் பாடலைக் கேட்டவர்கள் குறைவு.

இனி என் நண்பருக்கு.

அன்புள்ள ஐயா, நள்ளிரவில் ஒலி அளவு மீறினால் அதைக் குறைக்கச் சொல்லுங்கள். அயலில் நோயாளியும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் இருப்பார்கள். அது நியாயம், நானும் கூட வருகிறேன். கோயில் ஒலிபெருக்கிக்கும் அதே நியாயத்தைக் கேட்போம். ஆனால் இசை ஒலியளவைக் கடந்தது. உங்கள் ஊர்ப் பொடியன் ஒருவன் ஒரு மடிக்கணினியை வைத்துத் தாளம் கோக்கிறான் என்றால், அவன் கையில் இருப்பதைக் கொண்டு ஒலி செய்கிற அந்தப் பழைய வழக்கத்தையே தொடர்கிறான். அவனைக் கண்டிக்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: என்னத்தை எங்கிருந்து எடுத்தாய்? யாருடைய மேளம் இது? அவனுக்குப் பதில் தெரியாவிட்டால் பக்கத்துக் குறிச்சியில் இன்னும் பறை அடிக்கத் தெரிந்த கிழவர் எங்கே இருக்கிறார் என்று காட்டிவிடுங்கள். பதிவு செய்யட்டும், அவர் பெயரைப் போடட்டும், உரிய பணத்தைக் கொடுக்கட்டும். நாங்கள் செய்யத் தவறிய மூன்றும் இவைதான்.

அடுத்த திருமணத்துக்கு என்னையும் அழையுங்கள். ஆட மாட்டேன், முழங்கால் இடங்கொடாது. ஒலிபெருக்கிக்குச் சற்றுத் தள்ளி ஒரு கதிரை போட்டால் போதும். இம்முறை முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன்.