பேயைக் காட்டினாங்க, பயம் போயிடுச்சு

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' பட வரிசையின் மொத்த ஃபார்முலாவும் இந்தப் பழமொழிதான். 2015-ல் வந்த அதன் ஆறாவது படம் 'தி கோஸ்ட் டைமென்ஷன்' சொதப்பினதுக்குக் காரணம், அது இந்த ஃபார்முலாவை மறந்ததுதான்.

முதல் படத்தை ஓரன் பெலி தன் சொந்த வீட்டிலேயே, ஏறக்குறைய 15,000 டாலர் செலவில் எடுத்தார். ஒரு பெட்ரூம், தூங்குகிற ஜோடி, திறந்து கிடக்கும் கதவு, ஸ்டாண்டில் ஒரு கேமரா. 2009-ல் பெரிய அளவில் ரிலீஸ் ஆகி, உலகம் முழுக்க 19 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. சரி, அதில் பேயின் உருவம் எங்கே? தேடினாலும் கிடைக்காது. தரையில் தூவின பவுடரில் கால் தடம் இருக்கும். கேட்டி தூக்கத்தில் எழுந்து, கட்டில் பக்கத்தில் மணிக்கணக்கா நின்னுட்டே இருப்பாள். ஓரத்தில் நேரம் மட்டும் வேகமா ஓடும். அவ்வளவுதான். மிச்சத்தை நம்ம மண்டையே பார்த்துக்கும்.

அடுத்த படங்களில் கேமரா மாறியது, விதி மாறவில்லை. இரண்டாவதில் வீட்டின் செக்யூரிட்டி கேமராக்கள். நான்காவதில் கினெக்ட் சென்சார் ரூம் முழுக்கத் தூவும் புள்ளிகள். எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிட்டது 2011-ல் வந்த மூன்றாவது படம். அதில் தலையாட்டும் ஃபேனின் அடிப்பாகத்தில் கேமராவை மாட்டியிருப்பார்கள். அது ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடுவே மெதுவா திரும்பிட்டே இருக்கும். நாம பார்க்கத் துடிக்கிற பக்கத்தை விட்டுட்டு, நிதானமா அந்தப் பக்கம் போகும். 'சீக்கிரம் திரும்பித் தொலையேன்'னு கத்தத் தோணும். திரும்பி வந்தா கிச்சனில் ஒரு சாமான் இல்லை! என்னன்னு யோசிக்கிறதுக்குள்ள எல்லாம் மேலிருந்து தடதடன்னு விழும். ஒரு ஃபேன் மோட்டார் கொடுத்த பயம் அது.

கவனிச்சீங்களா? ஒவ்வொரு கருவியும் நம்ம பார்வைக்கு ஒரு எல்லை போட்டது. பயம் இருந்தது அந்த எல்லைக்கு வெளியே.

ஆறாவது படம் இதைத் தலைகீழாக்கியது. ஒரு குடும்பம் தங்கள் வீட்டில் பழைய வீடியோ டேப்புகளையும் ஒரு விசித்திரமான கேமராவையும் கண்டெடுக்கிறது. கண்ணுக்குத் தெரியாததெல்லாம் அந்தக் கேமராவில் தெரியும். கறுப்புப் புகை மாதிரி ஒன்று மிதக்கிறது, உருவம் எடுக்கிறது, 3டி-யில் நம் மேல் பாய்கிறது. முதல் தடவை 'அட!'. அப்புறம் வெறும் கிராஃபிக்ஸ்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பேயைக் காட்டும் கேமரா, பேய் இல்லாததையும் காட்டிக் கொடுத்துவிடும். முதல் படத்தில் காலியான வாசலைப் பார்த்தாலே உதறும். இதில் காலியான ரூம் என்றால் உண்மையிலேயே காலி. நாம நிம்மதியா பாப்கார்ன் சாப்பிடலாம். இந்தப் படத்தை இயக்கிய கிரெகரி பிளாட்கின், இதே வரிசையின் முந்தைய படங்களுக்கு எடிட்டர் என்பதுதான் கொடுமை.

'அஞ்சு படம் முழுக்கக் காலி ரூமையே காட்டினா போரடிக்காதா'ன்னு கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் அந்த ஃபேனில் இருக்கிறது. பார்வைக்கு ஒரு புது எல்லையைக் கண்டுபிடிச்சிருக்கணும். இவங்க இருந்த எல்லையையும் எடுத்துட்டாங்க.

வசூல் சுமார் 7.8 கோடி டாலரோடு நின்றது. அந்தப் பழியை முழுசா படத்தின் மேல் போட முடியாது. தியேட்டர் எண்ணிக்கை 300-க்குக் கீழே இறங்கின 17 நாளில் வீட்டிலேயே பார்க்கலாம் என்று பாராமவுண்ட் ஏற்பாடு செய்ததால், பல தியேட்டர்கள் படத்தையே எடுக்கவில்லை. ஆனா பயம் குறைஞ்சதுக்கு எந்தத் தியேட்டர்காரரும் காரணமில்லை.

பட்ஜெட் இல்லை, பேய் மேக்கப்புக்கு ஆள் இல்லைன்னு ஹாரர் ஷார்ட் ஃபிலிமைத் தள்ளிப்போட்டுட்டு இருக்கிற நண்பர்களே, மூன்றாவதையும் ஆறாவதையும் அடுத்தடுத்து பாருங்க. காசு எதுக்குத் தேவையில்லைன்னு புரிஞ்சிடும். அப்புறம் உங்க பேயை ஃபிரேமுக்கு வெளியிலேயே நிறுத்துங்க.